எம்.ஏ. ஆய்வேட்டுக்குப் புள்ளியியல்: 384 பேர், கை-ஸ்கொயர், 0.05... எங்கே தொடங்குவது?

பள்ளத்தூர்ப் பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஏ. சமூகவியல் கடைசி வருஷம் படிக்கிறேன். இளங்கலையில் வரலாறு எடுத்தேன், கணக்கைப் பத்தாம் வகுப்போடு விட்டாச்சு. இப்போது ஆய்வேடு. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் மகளிர் குழு வழியாகக் கடன் வாங்கிய பெண்களுக்கு வீட்டு முடிவுகளில் பேச்சு கூடியிருக்கிறதா என்பதுதான் தலைப்பு. கைடு சொன்னது இவ்வளவுதான்: 384 பேரிடம் வினாத்தாள் கொடு, எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்று, கை-ஸ்கொயர் போடு, பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் கருதுகோள் நிரூபணம். ஏன் 384, ஏன் கை-ஸ்கொயர், 0.05 எங்கிருந்து வந்தது, எதுவும் விளங்கவில்லை. சீனியர் அக்காக்களின் ஆய்வேடுகளைப் புரட்டினால் எல்லாவற்றிலும் அதே அட்டவணை, அடியில் அதே வாக்கியம். விளங்காமல் எழுத மனசு வரவில்லை. வினாத்தாள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. முதலில் எதைப் படிக்கட்டும்?

ஆத்தங்குடி ரோடு

தங்கச்சி, வினாத்தாள் அச்சுக்குப் போகவில்லை என்பது ரொம்ப நல்ல செய்தி. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

புள்ளியியல் என்றால் தரவு வந்த பிறகு செய்கிற வேலை என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். சமூக அறிவியலில் பாதிக்கு மேல் வேலை அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். யாரைக் கேட்டோம், யாரைக் கேட்காமல் விட்டோம், விட்டவர்கள் கேட்டவர்களிடமிருந்து எந்த விதத்தில் வேறுபட்டவர்கள் என்பதுதான் கேள்வி. இது கோணலாக இருந்தால் மென்பொருள் அதைச் சரி செய்யாது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் மூன்று தசமத்துக்கு அழகாக விடை தந்துவிடும்.

உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு ஊருக்குப் போகிறீர்கள். நூறு நாள் வேலைக்குப் போனவர் வீட்டில் இல்லை. டைல்ஸ் பட்டறைக்குப் போனவர் இல்லை. காரைக்குடி ஜவுளிக்கடையில் நிற்பவர் இல்லை. கதவைத் திறப்பவர்கள் வயதான ஆச்சிகளும் கைக்குழந்தைக்காரிகளும்தான். நீங்கள் அளக்க நினைப்பது வீட்டில் பேச்சு இருக்கிறதா என்பதை. சம்பாதிக்கும் பெண்ணுக்கும் சம்பாதிக்காத பெண்ணுக்கும் அதில்தானே பெரிய வித்தியாசம்? அந்த ஒரு சாராரை மட்டும் நேரம் பார்த்து விலக்கி வைத்தது போல் ஆகிவிடும். இப்படி எடுத்த 384-ஐ விட, சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் போய், இல்லாத வீட்டுக்கு மறுபடியும் போய் எடுத்த 120 மேல்.

இன்னொன்றும் நடக்கும். குழுவின் ஊக்குநரிடம் சொன்னால் அவரே பெண்களைக் கூட்டி உட்கார வைத்துவிடுவார், ஒரே மதியத்தில் நாற்பது தாள் நிரம்பிவிடும். தவணை கட்ட முடியாமல் தலைமறைவாக இருக்கிறவர் அந்தக் கூட்டத்துக்கு வரவே மாட்டார். குழுவை விட்டு விலகிப் போனவர் பெயர் பட்டியலிலேயே இருக்காது. கடன் யாருக்கு நல்லதாக முடிந்ததோ அவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள், விடையும் இனிப்பாக வரும்.

மகலனோபிஸ் 1931-இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்புக்கு அடித்தளம் போட்டவரும் அவர்தான். ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்பி, இருவர் கொண்டுவரும் விடையும் எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பது அவர் வழக்கம். கணக்கெடுப்பவராலேயே வரும் பிழையை அளக்க அந்த ஏற்பாடு. அப்பேர்ப்பட்டவரே களத்தை அவ்வளவு சந்தேகத்தோடு பார்த்திருக்கிறார்.

கானாடுகாத்தான்காரன்

நம்ம பக்கத்தில் வீடு என்று எண்ணுவதே சிக்கல். "ஒவ்வொரு பத்தாவது வீடு" என்று புத்தகத்தில் போட்டிருக்கும். இங்கே பெரிய வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்கதவு அடுத்த தெருவில். தெருத்தெருவாக எண்ணிக்கொண்டு போனால் ஒரே வீடு இரண்டு தடவை கணக்கில் வரும். பாதி வீடு பூட்டிக் கிடக்கும், ஆட்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், காவல் இருக்கும் குடும்பம் பின்கட்டில் இருக்கும். அவர்களை அந்த வீட்டுக் கணக்கில் சேர்ப்பதா, தனியா?

அப்புறம் வளவுக்குள்ளே, அதாவது வீட்டின் உள்கட்டுக்குள்ளே போனால் அண்ணன் தம்பி நாலு பேருக்கும் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு அடுப்பு. கல்யாணமானதும் வேறு வைத்துவிடுவது நகரத்தார் வழக்கம். கோயில் கணக்கில் கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி, வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். அதே வீட்டுக்கு நகராட்சியிலோ பேரூராட்சியிலோ ஒரே கதவு எண். ஆக ஒரே கூரையை ஒருவர் ஒன்று என்பார், இன்னொருவர் நாலு என்பார்.

ஆத்தங்குடி ரோடு

அண்ணே, அருமையான விஷயத்தைத் தொட்டீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்குத் தெளிவான வரையறை இருக்கிறது: பொதுவாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அதன்படி வளவில் நாலு அடுப்பு என்றால் நாலு குடும்பம். காவல்காரர் வீடும் தனிக் குடும்பம்.

தங்கச்சி, நீங்கள் எண்ணப்போகும் அலகு எது என்பதை ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பெண்ணா, குடும்பமா, குழுவா? உங்களுக்குப் பெண்தான் அலகு என்றால் வீட்டுப் பட்டியல் தேவையே இல்லை. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் குழுக்களின் பட்டியல் இருக்கும், ஒவ்வொரு குழுவிலும் வருகைப் பதிவேடு இருக்கும். குழுக்களைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், அப்புறம் குழுவுக்குள் பெண்களையும் சீட்டுக் குலுக்கியே எடுங்கள். விலகிப் போனவர்கள் பெயரைப் பழைய தீர்மானப் புத்தகத்திலிருந்து கேட்டு வாங்கிச் சேருங்கள்.

பள்ளத்தூர்ப் பொண்ணு

நன்றி அண்ணே. ஆனால் 384 இல்லாவிட்டால் கைடு கையெழுத்துப் போட மாட்டார். அது எங்கிருந்து வந்த எண் என்று மட்டும் சொல்லுங்கள், நானே அவரிடம் பேசிப் பார்க்கிறேன்.

ஆத்தங்குடி ரோடு

கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் 1970-இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வருகிறது. கணக்கு சின்னதுதான். 95 சதவீத நம்பிக்கைக்கு 1.96 என்ற எண், அதன் வர்க்கம் 3.84. பாதிப் பேர் ஆம், பாதிப் பேர் இல்லை என்ற மிக மோசமான நிலைக்கு 0.5 பெருக்கல் 0.5, அதாவது 0.25. இரண்டையும் பெருக்கி, 5 சதவீதப் பிழையின் வர்க்கமான 0.0025-ஆல் வகுத்தால் 384.16. மொத்தத் தொகுதி மிகப் பெரியதாக இருக்கும்போது இது. தொகுதி 500 பேர்தான் என்றால் அதே அட்டவணை 217 போதும் என்கிறது.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்வாக ஒரே வாய்ப்பு, ஒருவர் தேர்வானதால் பக்கத்து ஆளின் வாய்ப்பு மாறக் கூடாது. ஊக்குநர் கூட்டிவந்த 384 பேருக்கு அந்தச் சூத்திரம் பொருந்தவே பொருந்தாது.

ஒரே குழுவில் இருக்கிறவர்கள் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே தெரு, ஒரே பிரதிநிதி, ஒரே வங்கி. 8 குழுவில் குழுவுக்கு 15 பேர் வீதம் 120 பேர் எடுக்கிறீர்கள், குழுவுக்குள் பதில்களின் ஒற்றுமை 0.1 என்று வைத்துக்கொள்வோம் (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் குழுவில் எல்லோரும் ஒரே பதில்). 15-இல் ஒன்றைக் கழித்து, 14-ஐ 0.1-ஆல் பெருக்கி 1 கூட்டினால் 2.4. 120-ஐ அதனால் வகுத்தால் 50. கையில் 120 தாள் இருந்தாலும் 50 பேரைத் தனித்தனியாகக் கேட்டதற்குச் சமமான தகவல்தான் உங்களிடம் இருக்கிறது. அதே 120-ஐ 24 குழுவில் ஐந்தைந்து பேராக எடுத்தால் வகுக்கும் எண் 1.4 ஆகிறது, விடை ஏறக்குறைய 86. பஸ் செலவு கூடும், அலைச்சல் கூடும், ஆனால் அதே எண்ணிக்கைத் தாளில் இவ்வளவு கூடுதல் கிடைக்கும். கைடிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

செக்காலை

இவ்வளவு அலைய வேண்டுமா? கூகுள் படிவம் ஒன்று போட்டு வாட்ஸ்அப் குழுக்களில் விட்டால் ஒரே வாரத்தில் ஆயிரம் பேர் வருவார்களே. எண்ணிக்கை கூடினால் பிழை குறையும்தானே?

ஆத்தங்குடி ரோடு

தம்பி, 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்தார். பத்திரிகை விலாசம் எடுத்தது தொலைபேசிப் பட்டியலிலும் கார் பதிவேட்டிலும். பொருளாதாரப் பெருமந்தம் நடந்துகொண்டிருந்த காலம், தொலைபேசியும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? வந்த சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்பியவர்களும் ஒரு தனி ரகம். அதே தேர்தலை மிகச் சிறிய மாதிரியை வைத்து ஜார்ஜ் காலப் என்ற கருத்துக்கணிப்பாளர் சரியாகச் சொன்னார்.

எண்ணிக்கை கூடினால் தற்செயலால் வரும் பிழை குறையும். ஒரு பக்கமாகச் சாய்ந்த பிழை அப்படியே இருக்கும், அதன் மேல் நமக்கு நம்பிக்கை மட்டும் கூடிவிடும். ஸ்மார்ட்போன் வீட்டுக்காரர் கையில் இருக்கிற பெண்ணை உங்கள் படிவம் எப்படிச் சேரும்?

தேவகோட்டை டீச்சர்

மேலே சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. மாதிரி எடுப்பதையே பேசிக்கொண்டிருந்தால் இந்தப் பிள்ளைக்குக் கணக்கு மேல் இருக்கிற பயம் போகாது. பேப்பரும் பேனாவும் எடுத்துக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். நான் வகுப்பில் அப்படித்தான் தொடங்குவேன்.

ஒரு பட்டறையில் ஏழு பேர். ஆறு பேரின் மாதச் சம்பளம் ஆயிரத்தில் 9, 10, 10, 11, 12, 13. ஏழாவது ஆள் முதலாளி, அவருக்கு 145. கூட்டினால் 210, சராசரி 30 ஆயிரம். அந்தப் பட்டறையில் யாருமே 30 ஆயிரம் வாங்கவில்லை! வரிசையில் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு 11 ஆயிரம், அதுதான் அங்கே வேலை பார்ப்பவரின் நிலைமையைச் சொல்கிறது. வருமானம், நிலம், நகை, கடன் என்று ஒரு பக்கம் வால் நீண்டு போகும் எதற்கும் இடைநிலை அளவைக் கண்டிப்பாகச் சேர்த்துக் கொடுக்கணும். இதைக் கையால் போட்ட பிள்ளை வாழ்நாளுக்கும் மறக்காது.

திட்டவிலக்கத்தையும், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவையும், ஒரு தடவை கையால் போடு அம்மாடி, அது போதும். சூத்திரத்தில் ஒன்றைக் கழித்து வகுப்பது மாதிரிக்கு என்று இப்போதைக்கு நினைவில் வை.

ஆத்தங்குடி ரோடு

டீச்சர், கையால் போடுவது நல்லதுதான். ஆனால் கையால் கை-ஸ்கொயர் போடத் தெரிந்த பிள்ளைகளும் பி மதிப்பைத் தப்பாகத்தான் சொல்கிறார்கள். "பி 0.03 வந்தது, அதனால் என் கருதுகோள் சரியாக இருக்க 97 சதவீதம் வாய்ப்பு" என்று எழுதுகிறார்கள். அது எப்படிப் போகும்?

தேவகோட்டை டீச்சர்

சூத்திரத்தை மட்டும் போட்டால் போகாது. அதற்குத்தான் சீட்டு. ஒரு அட்டவணையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம், எண்கள் நான் வைத்தவை. 120 பெண்கள். கடன் வாங்கியவர் 70, அவர்களில் 42 பேர் வீட்டு முடிவில் பேச்சு உண்டு என்கிறார்கள். வாங்காதவர் 50, அவர்களில் 20 பேர் உண்டு என்கிறார்கள். 60 சதவீதத்துக்கு 40 சதவீதம்.

இப்போது கடனுக்கும் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லை என்று கொள். அப்படியானால் 62 "உண்டு", 58 "இல்லை" என்பவை யார் கையில் விழுந்தாலும் ஒன்றுதான். 62 சீட்டில் உண்டு, 58 சீட்டில் இல்லை என்று எழுதி ஒரு பையில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி 70 சீட்டு எடு. எத்தனை "உண்டு" வந்தது என்று குறி. திரும்பப் போட்டுக் குலுக்கு. பெரும்பாலும் 36-ஐ ஒட்டியே வரும், 34, 37, 39 என்று. உன் களத்தில் வந்தது 42. அந்தளவு விலகி, அதாவது 42-ஓ அதற்கு மேலோ, அல்லது அந்தப் பக்கம் 30-ஓ அதற்குக் கீழோ வருவது நூறு தடவைக்கு நாலைந்து தடவைதான். பி மதிப்பு என்பது இந்த எண்தான். சம்பந்தம் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. கருதுகோள் உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லவே இல்லை.

கை-ஸ்கொயர் என்பது, சம்பந்தமே இல்லை என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்பார்க்கும் எண்ணிக்கையிலிருந்து களத்தில் வந்த எண்ணிக்கை எவ்வளவு விலகுகிறது என்ற அளவு. இதே அட்டவணைக்கு அது 4.67 வரும், 0.05-க்கான வரம்பான 3.84-ஐத் தாண்டுகிறது, பி 0.03. சீட்டுக் கணக்கில் அதைவிடச் சற்றுக் கூட வருவதற்குக் காரணம், கை-ஸ்கொயர் ஒரு தோராயம். கார்ல் பியர்சன் 1900-இல் அதைக் கொடுத்தபோது இத்தனை சீட்டைக் குலுக்கிப் பார்க்கக் கணினி இல்லை. 0.05 என்ற கோடு 1925-இல் வந்த, ஃபிஷர் என்ற புள்ளியியலாளரின் புத்தகத்திலிருந்து பரவியது. வசதியான ஒரு வரம்பாகத்தான் அவர் சொன்னார்.

ஆத்தங்குடி ரோடு

டீச்சர், சீட்டு வைத்து இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது, நான் கேட்டதற்குப் பதில் கிடைத்தது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வித்தியாசம் 20 சதவீதப் புள்ளி. அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மையான வித்தியாசம் எங்கிருந்து எங்கு வரை இருக்கலாம் என்பதைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 2-லிருந்து 38 வரை போகிறது. இதைப் போட்டால்தான் வாசிப்பவருக்கு நிலைமை தெரியும். உண்மையான வித்தியாசம் ஒன்றுமே இல்லாத அளவுக்குச் சின்னதாகவும் இருக்கலாம், மிகப் பெரியதாகவும் இருக்கலாம். பி மதிப்பை மட்டும் போடுகிற ஆய்வேட்டில் இது மறைந்து போகிறது. இந்த இடைவெளியும் 120 பேரும் தனித்தனியாகத் தேர்வானவர்கள் என்ற கணக்கில்தான்.

மித்ராவயல் பிரதிநிதி

நான் படிப்பாளி இல்லை, மகளிர் குழுவில் பிரதிநிதியாக இருக்கிறேன், என் மகள் காட்டியதால் படித்தேன். நீங்கள் எல்லோரும் கணக்கைப் பேசுகிறீர்கள், கடன் வாங்கியவர் என்றால் யார் என்று யாரும் கேட்கவில்லை. என் குழுவில் கடன் பெண் பெயரில் வரும், பணம் அன்றைக்கே வீட்டுக்காரர் கைக்குப் போகும், ஆட்டோவுக்கோ மகன் பீஸுக்கோ. தவணை மட்டும் இவள் கட்டணும். அந்தப் பெண்ணும் கடன் வாங்கியவர், தானே யோசித்துத் தையல் மிஷின் வாங்கிய பெண்ணும் கடன் வாங்கியவர் என்றால் எப்படி?

இன்னொன்று. பழைய உறுப்பினர்களுக்குத்தான் முதலில் கடன் போகும். அவர்கள் வயசானவர்கள், மருமகள் வந்தாச்சு. நம்ம ஊரில் மாமியார் ஆகிவிட்டால் கடன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வீட்டில் அவர் பேச்சுத்தான்.

ஆத்தங்குடி ரோடு

அக்கா, இந்த இழையிலேயே பெரிய பாடம் நீங்கள் சொன்னதுதான். டீச்சரின் அட்டவணையை எடுத்து உங்கள் சொல்படி வயசு வைத்துப் பிரித்துக் காட்டுகிறேன், இதுவும் கற்பனை எண்தான்.

நாற்பது வயதுக்கு மேல்: கடன் வாங்கியவர் 50, பேச்சு உண்டு என்பவர் 35. வாங்காதவர் 10, உண்டு என்பவர் 7. இரண்டு பக்கமும் 70 சதவீதம்.

நாற்பதுக்குக் கீழ்: கடன் வாங்கியவர் 20, உண்டு என்பவர் 7, அதாவது 35 சதவீதம். வாங்காதவர் 40, உண்டு என்பவர் 13, அதாவது 32.5 சதவீதம்.

கூட்டிப் பாருங்கள், அதே 70-க்கு 42, அதே 50-க்கு 20. மொத்தமாகப் பார்த்தபோது இருந்த 20 சதவீதப் புள்ளி வித்தியாசம் வயசு வாரியாகப் பிரித்ததும் கரைந்துவிட்டது. கடன் வாங்கிய கூட்டத்தில் வயசானவர்கள் அதிகம் என்பதுதான் அங்கே தெரிந்த வித்தியாசம். கை-ஸ்கொயர் பொய் சொல்லவில்லை, இரண்டும் சேர்ந்து வருகின்றன என்றுதான் அது சொன்னது. எதனால் என்று அதற்குத் தெரியாது. தலைகீழாகவும் இருக்கலாம்: ஏற்கெனவே பேச்சு உள்ள பெண்தான் துணிந்து கடன் கேட்கிறாள் என்றால்?

ஆகவே வயசு, குழுவில் சேர்ந்து எத்தனை வருஷம், தனிக் குடித்தனமா மாமியாரோடா, சொந்த வருமானம் உண்டா, இந்த நாலும் வினாத்தாளில் கட்டாயம் வேண்டும். கேட்காமல் விட்டதை அப்புறம் எந்தச் சோதனையாலும் கொண்டுவர முடியாது. கடனுக்கு மூன்று கேள்வி: வாங்கலாம் என்று முடிவு செய்தது யார், பணத்தைச் செலவு செய்தது யார், தவணை எந்தப் பணத்திலிருந்து போகிறது.

பள்ளத்தூர்ப் பொண்ணு

அக்கா, நீங்கள் சொன்னதைக் கேட்டதும் என் கேள்வி எண் நாலை அடித்துவிட்டு, அண்ணன் சொன்ன மூன்று கேள்விகளையும் எழுதிவிட்டேன். இன்னொரு சந்தேகம். "முழுவதும் உடன்படுகிறேன்" என்பதிலிருந்து "கொஞ்சமும் இல்லை" வரை ஐந்து கட்டம் போட்டிருக்கிறேன். சீனியர்கள் 5, 4, 3 என்று எண் கொடுத்து சராசரி 3.72 என்று எழுதுகிறார்கள். அது சரியா?

தேவகோட்டை டீச்சர்

லிக்கர்ட் 1932-இல் கொண்டுவந்த முறை. அவர் பல கேள்விகளின் மதிப்பெண்ணைக் கூட்டித்தான் ஒரு அளவு செய்தார். ஒரே விஷயத்தைச் சுற்றி எட்டுப் பத்துக் கேள்வி வைத்துக் கூட்டினால் சராசரி போடலாம். ஒற்றைக் கேள்விக்கு எத்தனை சதவீதம் எந்தக் கட்டம் என்று கொடு, போதும். 5-க்கும் 4-க்கும் உள்ள தூரமும் 3-க்கும் 2-க்கும் உள்ள தூரமும் ஒன்று என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

அச்சுக்கு அனுப்பும் முன் பத்துப் பேரிடமாவது வாய்விட்டுப் படித்துக் காட்டிக் கேள். "வீட்டு முடிவு" என்றால் அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியும். மளிகை வாங்குவதா, மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதா, நிலம் விற்பதா? தனித்தனியாகக் கேள். மென்பொருளுக்குக் காசு செலவழிக்காதே, ஜமோவி இலவசம், உனக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. அட்டவணைக் கட்டத்தில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5-க்குக் கீழே போனால் கை-ஸ்கொயரை விட்டுவிட்டு ஃபிஷரின் சோதனையைப் போடு. முடிவில் "நிரூபணமானது" என்று எழுதாதே. எவ்வளவு வித்தியாசம், அதன் இடைவெளி எது, எத்தனை பேரைப் பார்க்க முடியவில்லை என்று எழுது.

மித்ராவயல் பிரதிநிதி

பாப்பா, எங்கள் ஊருக்கு வருவதாக இருந்தால் சாயங்காலம் ஆறரைக்கு மேல் வா. முத்திரை குத்திய கடிதத்தை எடுத்த எடுப்பில் நீட்டாதே, வங்கியிலிருந்து வசூலுக்கு ஆள் வந்திருக்கு என்று பாதிப் பேர் கதவைச் சாத்திவிடுவார்கள். முதலில் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, என்ன படிக்கிறாய் என்று சொல்லு, அப்புறம் கடிதம். என்னையும் பக்கத்தில் உட்கார வைக்காதே. நான் இருந்தால் தவணையைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள்.

பள்ளத்தூர்ப் பொண்ணு

சரி அக்கா. குழுக்கூட்டம் எந்தக் கிழமை என்று மட்டும் சொல்லுங்கள், அன்றைக்கு வந்து பதிவேட்டை வாங்கிச் சீட்டுக் குலுக்கிவிட்டு, மறுநாளிலிருந்து வீடு வீடாக வருகிறேன்.

மித்ராவயல் பிரதிநிதி

வெள்ளிக்கிழமை. விலகிப் போனவர்கள் பெயரையும் பழைய நோட்டிலிருந்து எழுதி வைக்கிறேன். அதில் இரண்டு பேர் இப்போது திருப்பூரில் இருக்கிறார்கள், போன் நம்பரை அவர்கள் வீட்டில் கேட்டு வாங்கித் தருகிறேன்.